தம்பிக்கு எந்த ஊரு?

எங்கள் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கும். நூறு வெற்றிலை ஒரு கவுளி. சோழவந்தான் பக்கம் வைகையை ஒட்டிய ஊர் எங்களுடையது. கொடிக்கால் செழிப்பாக இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு இந்த வேலைதான். விரல்கள் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போகும், எண்ணிக்கை தப்பாது. தேர்தல் வந்துவிட்டால் தெருவுக்குள் ஜீப் நுழையும். மைக் அலறும். வேட்பாளர் கும்பிட்ட கையோடு இறங்கி வருவார். அப்பத்தா கை வேலையை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கிக் கேட்கும்:

"தம்பிக்கு எந்த ஊரு?"

கட்சி, சின்னம், ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்பதெல்லாம் கிடையாது. அவர் ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அங்க யாரு வீடு?" இந்த இரண்டிலேயே வந்தவர் எந்தத் தெரு, என்ன ஆள், எங்கே பெண் எடுத்திருக்கிறார் என்பது வரை அப்பத்தாவுக்கு விளங்கிவிடும். சாதியை வாய்விட்டுக் கேட்பது அசிங்கம் என்று நினைக்கிற தலைமுறை அது. கேட்காமலே தெரிந்துகொள்ளத்தான் ஊரைக் கேட்டது என்பது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

இந்தக் கேள்விக்குத் தப்பியவர் ஒரே ஒருவர். கண்டிக்குப் பக்கம் நாவலப்பிட்டியில் பிறந்தவர், கேரளத்துக் குடும்பம், சென்னையில் குடியிருந்தவர். 1977-இல் அருப்புக்கோட்டை, 1980-இல் மதுரை மேற்கு, 1984-இல் ஆண்டிபட்டி என்று தேர்தலுக்கு ஒரு தொகுதி மாறினார். மூன்றும் எங்களைச் சுற்றியே. ஆண்டிபட்டியில் ஜெயித்தபோது நாட்டிலேயே இல்லை, அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் ஒருமுறை அப்பத்தாவைச் சீண்டிப் பார்த்தேன். எம்.ஜி.ஆருக்கு எந்த ஊரு அப்பத்தா?

"அவுகளுக்கு எதுக்குடா ஊரு?" என்றது. வெற்றிலைக் கணக்கு அப்போதும் தப்பவில்லை.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் ஊருக்கே எந்த ஊர் என்பதில் குழப்பம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் மதுரை, பெரிய ஆஸ்பத்திரி மதுரை, தீபாவளித் துணிக்கு விளக்குத்தூண், கள்ளழகர் ஆற்றில் இறங்கினால் பாதி ஊர் மதுரையில்தான். ஆனால் எம்.பி. தேனி. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு 2009 தேர்தலிலிருந்து சோழவந்தான், உசிலம்பட்டி இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் தேனி மக்களவைத் தொகுதிக்குள் இருக்கின்றன. நாங்கள் ஓட்டுப் போடுகிற அதே வேட்பாளருக்குக் கம்பத்துக்காரரும் போடுகிறார். எங்களை விடுங்கள், திருப்பரங்குன்றத்து முருகன் விருதுநகர் எம்.பி.யின் பொறுப்பில் இருக்கிறார். மதுரை டவுன் பஸ்ஸில் ஏறி மலையடிவாரத்தில் இறங்கினால் நீங்கள் விருதுநகர் தொகுதியில் நிற்கிறீர்கள். இந்த லட்சணத்தில் வேட்பாளர் உள்ளூரா வெளியூரா என்று சண்டை போட எங்களுக்கு என்ன யோக்கியதை என்று தோன்றும். ஆனாலும் போடுகிறோம்.

சட்டம் அப்பத்தாவின் கேள்வியைக் கேட்பதில்லை. மக்களவைக்கு நிற்கப் பொதுவாக நாட்டில் ஏதோ ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். சட்டமன்றத்துக்கு மாநிலத்துக்குள் எங்காவது. வெளித்தொகுதிக்காரர் தன் பெயர் இருக்கிற வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலை மனுவோடு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முன்மொழிகிறவர் மட்டும் கட்டாயம் அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாப்பிள்ளை எந்த ஊராகவும் இருக்கட்டும், கைகாட்டுகிறவர் நம்ம ஊர் ஆளாக இருந்தால் சரி.

மாநிலங்களவைக்கு ஒரு காலத்தில் அந்தந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்று இருந்தது. 2003-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் முதலில் ஆந்திரத்திலிருந்தும் பிறகு கர்நாடகத்திலிருந்தும் மாநிலங்களவைக்குப் போனவர். மதுரைப் பெண் நிதியமைச்சர் என்று பெருமைப்படவும் முடியாமல், ஜி.எஸ்.டி.க்காகத் திட்டவும் முடியாமல் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்காரர் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். "என்ன இருந்தாலும் நம்ம ஊருப் புள்ள" என்பார், அடுத்த நிமிஷம் பில் புத்தகத்தை மேசையில் அடிப்பார்.

1998-இல் மதுரையில் ஜெயித்த சுப்பிரமணியன் சுவாமி மயிலாப்பூரில் பிறந்தவர். அதற்கு முன்னால் பம்பாய் வடகிழக்குத் தொகுதியில் இரண்டு முறை எம்.பி.யாக இருந்தவர். ஆனால் குடும்பத்துப் பூர்வீகம் சோழவந்தானை அடுத்த முள்ளிப்பள்ளம் என்ற தகவல் அவருக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. "முள்ளிப்பள்ளமா? அப்ப விசாரிச்சுப்புடலாம்" என்றது அப்பத்தா. அவர் ஜெயித்தது அண்ணா தி.மு.க. கூட்டணியால் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் டெல்லி, ஹார்வர்டு என்று இருந்த மனிதர் முள்ளிப்பள்ளத்துக்காரர் ஆனதில் எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது.

2019-ல் எங்கள் தொகுதியில் நடந்ததைத்தான் 'மண்ணின் மைந்தர்தான் வேண்டும்' என்கிறவர்கள் எப்போதும் உதாரணம் காட்டுவார்கள். தமிழ்நாடு முழுக்க தி.மு.க. கூட்டணி அள்ளிக்கொண்டு போன தேர்தல் அது. கைக்கு வராமல் போனது தேனி ஒன்றுதான். ஒரு பக்கம் பெரியகுளத்து ஓ. பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத். இன்னொரு பக்கம் ஈரோட்டு ஈ.வெ.கி.ச. இளங்கோவன். "ஈரோட்டுக்காரருக்கு முல்லைப் பெரியாறு தண்ணியப் பத்தி என்ன தெரியும்?" என்று டீக்கடையில் பேசினார்கள். தோற்ற இளங்கோவன் 2023-இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். பார்த்தீர்களா, அவரவர் ஊரில் அவரவர் என்று முடித்துவிடலாம் போலத்தான் இருக்கிறது.

முடியாது. அப்போது பன்னீர்செல்வம் துணை முதல்வர். ஆட்சியும் ஆள்பலமும் சேர்ந்து வேலை செய்த தொகுதி அது. ஊர்ப் பாசத்தின் பங்கு எவ்வளவு, அதிகாரத்தின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தத் தேர்தலில் மூன்றாவதாக வந்தவரைத்தான் நான் கவனிப்பேன். தங்க தமிழ்ச்செல்வன். கம்பம் பள்ளத்தாக்குக்காரர், ஆண்டிபட்டியில் பலமுறை எம்.எல்.ஏ., ஜெயலலிதாவுக்காக அந்தத் தொகுதியை ராஜினாமா செய்து விட்டுக் கொடுத்தவர். இவரைவிட உள்ளூர் யார்? 2019-ல் அ.ம.மு.க.வின் பரிசுப் பெட்டியில் நின்றார், மூன்றாம் இடம். 2024-ல் அதே ஊர், அதே மனிதர், சின்னம் மட்டும் உதயசூரியன். ஜெயித்தார். அந்த முறை தோற்றவர் டி.டி.வி. தினகரன். அவர் 1999-இல் இதே பக்கத்தில், அப்போதைய பெரியகுளம் தொகுதியில், வெளியூர்க்காரராக வந்து ஜெயித்தவர். அப்போது அவர் கையில் இருந்தது இரட்டை இலை. 2024-ல் குக்கர்.

பன்னீர்செல்வமும் 2024-ல் தேனியை விட்டு ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். வாக்குப்பதிவு இயந்திரத்தில் அதே ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரில் இன்னும் சிலர். பெயரும் குழம்பி, ஊரும் அந்நியமாகி, இரட்டை இலையும் இல்லாத நிலையில் இரண்டாம் இடம் வந்தார். ஊரை விட்டுப் போனதால் தோற்றார் என்று யாராவது சொன்னால், சொந்த ஊரில் பரிசுப் பெட்டிக்கு என்ன கிடைத்தது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

காமராஜரின் கதை இதைவிடப் பழசு. 1954-இல் முதல்வரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. விருதுநகரில் பிறந்தவர், மாநிலத்தின் இன்னொரு முனையில், குடியாத்தத்தில் இடைத்தேர்தலில் நின்றார். 'பச்சைத் தமிழர்' என்று சொல்லிப் பெரியார் ஆதரித்தார். குடியாத்தம் அவரை ஜெயிக்க வைத்தது. அப்புறம் 1967. விருதுநகர். மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். இரண்டே வருஷத்தில், 1969-இல், நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். வடக்கே ஜெயித்தார், தெற்கே ஜெயித்தார், பிறந்த ஊரில் தோற்றார்.

அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எல்லாம் சேர்ந்து மாநிலமே புரண்ட தேர்தல் அது. விருதுநகரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் எங்கள் பெரியப்பா கடைசி வரை அந்த ஊரை மன்னிக்கவில்லை. விருதுநகர் வழியாகப் பஸ் போனால் புரோட்டாவுக்குக்கூட இறங்க மாட்டார். விருதுநகர் புரோட்டாவை விடுவது எவ்வளவு பெரிய தியாகம் என்பது தின்றவர்களுக்குத் தெரியும்.

குடியாத்தத்தில் ஓட்டுப் போட்டவர்களுக்கு விருதுநகர் வெளியூர், ஆனால் தமிழர் என்ற பெயர் வெளியில்லை. ஊர் என்பது நாம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து வளரும். எங்கள் ஊருக்குள் நான் கீழத்தெரு. மதுரையில் சோழவந்தான்காரன். சென்னையில் மதுரைக்காரன், அதுவும் பேச்சைத் திறந்தவுடனே. 1991-இல் பி.வி. நரசிம்ம ராவ் பிரதமரான பிறகு நந்தியால் இடைத்தேர்தலில் நின்றபோது, பரம எதிரியான என்.டி. ராமாராவ் தெலுங்கர் ஒருவர் பிரதமராகிறார் என்று சொல்லி வேட்பாளரையே நிறுத்தவில்லை. ராவ் 5 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஹைதராபாத்தில் கட்சி பார்த்தவர்கள் டெல்லியை நிமிர்ந்து பார்த்ததும் மொழியைப் பார்த்தார்கள்.

விஜயகாந்த் விஷயத்தில் எங்களுக்கே ஒரு வருத்தம் உண்டு. மதுரையில் வளர்ந்த மனிதர். 2005 செப்டம்பரில் கட்சி தொடங்கிய மாநாடும் மதுரையில்தான். ஆனால் 2006-இல் நின்றது விருத்தாசலத்தில், 2011-இல் ரிஷிவந்தியத்தில். இரண்டிலும் ஜெயித்தார். 2016-இல் உளுந்தூர்பேட்டை தோற்கடித்தது. மதுரைப் பக்கம் நின்றிருந்தால் நாங்கள் போட்டிருக்க மாட்டோமா என்று நண்பர்களிடம் கேட்டேன். ஒருவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "இங்க நின்னா அவரு எந்தத் தெருன்னு பேச ஆரம்பிச்சுருவோம்டா. விருத்தாசலத்துல அவரு வெறும் விஜயகாந்த்."

2024 நவம்பரில் நியூ ஜெர்சியிலிருந்து என் மச்சான் போன் செய்தான். அங்கே குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடுகிறவன். கமலா ஹாரிஸ் தோற்ற மறுநாள். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில், அவருடைய தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊரில், கோயிலில் பூஜை நடந்ததையும் பேனர் வைத்ததையும் டி.வி.யில் பார்த்துவிட்டு எங்கள் தெருவிலும் நாலு பேர் கவலையாக இருந்தார்கள். மச்சான் சிரித்தான். "மாப்ள, இங்க துளசேந்திரபுரமா கணக்கு? கலிபோர்னியாதான் அவுக ஊரு. அங்க ஜெயிச்சாச்சு. எப்பவும் அவுக கட்சிக்கே விழுகுற ஊரு அது. அதுல என்ன இருக்கு?"

அன்றைக்கு ஒரு மணிநேரம் பேசினோம். அமெரிக்காவில் ஜனாதிபதியை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் 'தேர்வாளர்கள்'; அந்த எண்ணிக்கை மாநிலவாரியாகத்தான் சேரும் என்பதால் வேட்பாளரின் சொந்த மாநிலம் பெரிய பேச்சு. 2000-இல் அல் கோர் தோற்றதற்கு எல்லோரும் புளோரிடாவைச் சொல்வார்கள். அவர் பல வருஷம் செனட்டராக இருந்த டென்னசியும் அவருக்குப் போடவில்லை. கோருக்குக் கிடைத்தது 266, தேவை 270, டென்னசியின் கையில் 11. சொந்த மாநிலம் மட்டும் கைவிடாமல் இருந்திருந்தால் புளோரிடாவில் ஓட்டுச்சீட்டு மறு எண்ணிக்கையே வேண்டியிருந்திருக்காது. அந்தப் பக்கம் 1984-இல் மாநிலம் மாநிலமாகத் தோற்ற வால்டர் மாண்டேலுக்குத் தலைநகர் வாஷிங்டனைத் தவிர மிஞ்சியது சொந்த மாநிலமான மின்னசோட்டா மட்டும். 2016-இல் டிரம்ப் ஜனாதிபதியானார், பிறந்து வளர்ந்த நியூயார்க்கில் தோற்றார்.

மச்சான் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது டிக் செனியின் கதை. ஒரு மாநிலத்துத் தேர்வாளர்கள் ஜனாதிபதி, துணை ஜனாதிபதி இரண்டு ஓட்டையும் தங்கள் மாநிலத்துக்காரர்களுக்கே போடக் கூடாது என்று அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 2000-இல் ஜனாதிபதிக்கு நின்ற புஷ் டெக்சஸ்காரர். துணை ஜனாதிபதிக்கு நின்ற செனியும் அப்போது டெக்சஸில்தான் குடியிருந்தார். சும்மா விட்டால் டெக்சஸின் 32 தேர்வாளர் ஓட்டுக்குச் சிக்கல். அதனால் 2000 ஜூலையில் செனி தன் வாக்காளர் பதிவைப் பழைய மாநிலமான வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். ரேஷன் கார்டை மாற்றுவது போல ஊரை மாற்றிவிட்டார். எங்கள் அப்பத்தாவிடம் இதெல்லாம் செல்லுமா? "வயோமிங்ல யாரு வீடு?" என்று கேட்டிருக்கும்.

சொந்த மாநிலம் என்பதால் கூடுதலாகக் கிடைப்பது சராசரியாக நூற்றுக்கு நாலு ஓட்டு என்று 1983-இல் லூயிஸ்-பெக், ரைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். சின்ன மாநிலமானால் கொஞ்சம் அதிகம். அதைவிட எனக்கு ஒட்டியது 1949-இல் வி.ஓ. கீ என்ற அரசியல் அறிஞர் கண்டது. அப்போது அமெரிக்கத் தென்மாநிலங்களில் இருந்தது டெமாக்ரட் என்ற ஒரே கட்சிதான். போட்டியெல்லாம் கட்சிக்குள். அங்கே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தன் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் ஓட்டுக் குவிந்தது, தூரம் போகப் போகத் தேய்ந்தது. 'நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும்' என்று அதற்குப் பெயர் வைத்தார். கட்சி வேறுபாடு இல்லாத இடத்தில் ஆளைப் பிரித்தறிய வேறு அடையாளம் கிடைக்காமல் மக்கள் ஊரைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்ன விளக்கம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சித்தப்பா நினைவு வந்தது.

எங்கள் ஊரில் கட்சி இல்லாமல் நடக்கிற தேர்தல் ஒன்று உண்டு. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. 2019 டிசம்பர் கடைசியில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் சித்தப்பா வார்டு உறுப்பினருக்கு நின்றார். பூட்டு சாவிச் சின்னம். இரட்டை இலையும் உதயசூரியனும் மோதாத இடம் என்பதால் ஊர்ப் பாசம் முழு அளவில் வேலை செய்ய வேண்டிய தேர்தல்.

ஒரு ராத்திரி போனபோது சித்தப்பா குண்டு பல்பு வெளிச்சத்தில் மொய் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் கல்யாணத்து மொய் நோட்டு. நீள நோட்டு, அட்டை நைந்து நூல் தெரிந்தது. இடது ஓரத்தில் ஊர், அப்புறம் பெயர், அப்புறம் தொகை. 'உள்ளூர்' என்று போட்ட பக்கங்களை மட்டும் மடித்து வைத்திருந்தார். பச்சை ரீஃபில் பேனாவால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று எழுதிக்கொண்டு வந்தார். நாலு. மூணு. அஞ்சு, அதில் ஒண்ணு திருப்பூர்ல இருக்கு.

"என்ன சித்தப்பா இது?"

"நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்து ஐநூறு எழுதுனவன் நமக்குப் போடாம எங்க போவான்? நானும் திருப்பிச் செஞ்சிருக்கேன்ல. கணக்கு நேராயிருக்கு."

கூட்டிப் பார்த்ததில் 140 வந்தது. வார்டு மொத்தம் 300 சொச்சம், மூன்று பேர் போட்டி. ஜெயித்தாயிற்று என்று சித்தி அன்றைக்கே பால் பாயசம் வைத்தார்.

2020 ஜனவரி 2 எண்ணிக்கை. வாக்குப்பெட்டியைக் கவிழ்த்தால் நாலு பதவிக்கும் நாலு நிறத்தில் சீட்டுக் கொட்டும். அதை நிறம் நிறமாகப் பிரிக்கவே பொழுது போய்விடும். ராத்திரி வரை நானும் அவரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். முடிவு வந்தது. சித்தப்பா 112. மேலத்தெருக்காரர், எங்களுக்கு மாமன் முறை, 121. ஒன்பது ஓட்டு.

பைக்கில் திரும்பி வரும்போது சித்தப்பா பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தார். வரப்பை அரையடி தள்ளிப் போட்டதாகச் சண்டை போட்டவன் ஒருத்தன். பம்ப்செட் தண்ணீர் விடாத கோபத்தில் ஒருத்தன். இவர் குடித்துவிட்டுத் திட்டியதை இருபது வருஷமாக மறக்காத அத்தை ஒருத்தி. உள்ளூர்க்காரர் என்றால் இதுதான். மைக்கில் பேசுவதற்கு முன்னாலேயே எல்லோருக்கும் அவரைப் பற்றி எல்லாம் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவரின் வரப்பு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அதுவே அவருக்குப் பலம்.

ஆனால் அந்த ஒன்பது ஓட்டு போனது வேறு இடத்தில். வார்டில் காலனியும் உண்டு. சித்தப்பாவின் மொய் நோட்டில் காலனிக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அவர்கள் விசேஷத்துக்கு இவர் போனதில்லை. இவர் விசேஷத்துக்கு அவர்களை அழைத்ததில்லை. நோட்டில் இல்லாத வீடுகள் கணக்கிலும் இல்லை. ஓட்டுக் கேட்கப் போனவர் தண்ணீர் டாங்க் வரைக்கும் போய் நின்று, அங்கே இருந்தவர்களிடம் எல்லாருக்கும் சொல்லிடுங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். நானும் கூடத்தான் போனேன். எனக்கும் அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை. மேலத்தெருக்காரர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போயிருக்கிறார், சாக்கடை எங்கே தேங்குகிறது என்று பார்த்திருக்கிறார், டீ குடித்திருக்கிறார். பிறகு காலனியில் ஒருவர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "டாங்குக்கு இந்தப் பக்கமும் வார்டு இருக்குல்ல தம்பி."

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ஊர்' என்றால் முழுக் கிராமம் இல்லை. ஊர், காலனி என்று இரண்டாகத்தான் சொல்வோம். ஊர்க்கூட்டம், ஊர்ப் பொது, ஊர்க் கட்டுப்பாடு எல்லாம் முதல் பாதிக்கு. எங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லை உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996-இல் அந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் அங்கே முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. யாரும் மனுப் போட மாட்டார்கள், அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006-இல்தான் தலைவர்கள் வந்து நிலைத்தார்கள். மேலூர்ப் பக்கம் மேலவளவில் ராஜினாமா செய்யாத தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அவர்களெல்லாம் அதே மண்ணில் பிறந்தவர்கள்; இறக்குமதி வேட்பாளர் ஒருவர்கூட இல்லை. சுவரில் 'மண்ணின் மைந்தர்' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர்ப் பெயர்கள்தான் ஞாபகம் வரும். அப்பத்தாவின் இரண்டாவது கேள்வியும்.

2025 தொடக்கத்தில் உள்ளாட்சிப் பதவிக் காலம் முடிந்தது. அந்த வருஷம் சித்திரைக்குப் பிறகு மேலத்தெரு மாமா பேரனுக்குக் காதுகுத்து வைத்தார், சோழவந்தானில் மண்டபம். சித்தப்பா வர மாட்டார் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டியில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். அடுத்த தேர்தலுக்கு இன்னும் தேதி இல்லை, ஆனால் அவர் புது நோட்டு வாங்கியாயிற்று என்று சித்தி காதில் சொன்னார்.

இப்போதெல்லாம் மொய் எழுதக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வாசலில் லேப்டாப், பக்கத்தில் சின்னப் பிரிண்டர், உசிலம்பட்டியிலிருந்து வந்த இரண்டு பையன்கள். பணத்தைக் கொடுத்தால் ரசீது வரும். வரிசையில் சித்தப்பாவுக்கு முன்னால் காலனிக்காரர் ஒருவர் நின்றார், டாங்க் பற்றி என்னிடம் சொன்னவர்தான். ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

"எந்த ஊருண்ணே?" என்றான் பையன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உள்ளூருதாம்ப்பா."

பையன் தட்டினான். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "அடுத்து யாரு? நீங்க எந்த ஊரு?"

சித்தப்பா முன்னால் போனவரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சட்டைப் பையில் கையை விட்டார்.

"நானும் உள்ளூருதான். எழுது."